நீ கேட்டுச் சிரித்திருக்க வேண்டிய கதை

கூப்பிடுவதற்குப் பதிலாக முதுகில் ஓங்கி அறைந்தே பழகிய என் தோஸ்து தேசிங்குக்கு,

உன்னிடம் எப்படி நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. நீ பங்குனியில் போனாய், இப்போது கார்த்திகை. இத்தனை மாதமும் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நம்ம துறைமுகத் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நாலு தடவை கேட்டுவிட்டார்கள். வேலை இருக்கிறது, கண் வலிக்கிறது என்று ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தை எழுத வேண்டி வரும், அந்தப் பயம்தான்.

இந்தத் திங்கட்கிழமை படகுக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. தை மாதப் பயணத்துக்கு, படகில் வருகிறவர்கள் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்ய வேண்டுமாம். போன வருஷம் நாம் அனுப்பிய பட்டியலையே கீழே ஒட்டியிருந்தார்கள். உன் மனைவி மல்லிகா, என் மனைவி நூர்ஜஹான், காதர் என்கிற நான் என்று மூன்று பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பெயராக, நீ.

என் வேலை உனக்குத் தெரியும். மலரைப் புரட்டுகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். நான் கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க். கப்பல் வந்து கட்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவேன். எத்தனை பேர் இருக்கிறார்கள், பாஸ்போர்ட் சரியாக இருக்கிறதா, யார் புதிதாக ஏறுகிறார்கள், யார் இறங்கி ஊருக்குப் போகிறார்கள் என்று பார்த்துப் பட்டியல் போடுவேன். இறங்குகிறவன் பெயர் மேல் ஒரு கோடு, பக்கத்தில் அவனுடைய கையெழுத்து. அதற்கு சைன் ஆஃப் என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேருக்கு அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறேன். உன் பெயர் மேல் போட எனக்குக் கை வரவில்லையடா.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது? உன் ரிட்டயர்மென்ட் அன்றைக்கு. சால்வை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், மைக்கையும் கையில் கொடுத்துவிட்டார்கள். கப்பலை இழுத்து வருகிற டக் படகின் இஞ்சின் ரூமில் கத்திக் கத்திப் பேசியே பழகிய உனக்கு மைக் எதற்கு? காது கிழிந்தது.

"முப்பத்தஞ்சு வருசமா கப்பல இஸ்துக்கினு வந்து உட்டேன்பா," என்றாய். "எங்கெங்கருந்தோ வருது. ஒரு கப்பலாச்சும் என்னை இட்டுக்கினு போச்சா? முனையத் தாண்டுவேன், கயிறு போடுவேன், திரும்பி வந்துருவேன். அவ்ளோதான் நம்ம கடலு. இப்ப நான் மல்லிகாவ இட்டுக்கினு ஒரு போட்டை வாடகைக்கு எடுத்து தீவு தீவா சுத்தப் போறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "கடல்லயே கெடந்தவனுக்குத் துட்டு குடுத்து கடலா?" என்றான் ஒருவன். "எண்ணூருக்கு ஷேர் ஆட்டோல போ நைனா, உப்புக் காத்து சும்மாவே கெடைக்கும், பவர் ஹவுஸ் சாம்பலும் சேத்து!" என்றான் இன்னொருவன். நீ மட்டும் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் முதலில் சிரிக்கிற ஆள் நீ. அதனால்தான் நீ நிஜமாகவே சொல்கிறாய் என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, ஆபீசில் கழித்துப் போட்ட கடல் வரைபடம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, நூருவோடு திருவொற்றியூரில் உன் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் விரித்தால் சுருண்டு சுருண்டு மூடிக்கொண்டது. ஒரு மூலையில் ஊறுகாய் ஜாடி, ஒரு மூலையில் நூருவின் கைப்பை, ஒரு மூலையில் உனக்குக் கொடுத்த அந்தச் சுவர்க்கடிகாரம், இன்னொரு மூலையில் நீயே காலை வைத்துக்கொண்டாய். மல்லிகா தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா இது, முழுக்க எண்ணா கீது?" என்றாள். அதெல்லாம் ஆழம் என்று சொன்னேன். தாய்லாந்துக்குக் கீழே, பெயரே வாயில் நுழையாத சின்னச் சின்னத் தீவுகள். எழுத்தைப் படித்தது நான், முடிவு சொன்னது நீ. "இங்க அடில மணலு, நங்கூரம் புடிக்கும். இங்க பாறை, வோணாம்." முன்னே பின்னே அந்தக் கடலைப் பார்த்தவன் மாதிரி அத்தனை தெம்பாகச் சொன்னாய்.

விலையைக் கேட்டு நூரு விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டாள். அப்புறம், "புள்ளைங்களையெல்லாம் கட்டிக் குடுத்தாச்சு, இனிமே யாருக்குச் சேத்து வெக்கணும்?" என்று அவளே முடித்துவைத்தாள். ஆறு நாள், நாம் நாலு பேர், படகோட்டி ஒருவர், சமையல்காரர் ஒருவர். படகு ரெட்டைத் தோணி மாதிரி இருக்கும், அதற்குக் கேட்டமரான் என்று பெயர் என்று கம்பெனியில் எழுதியிருந்தார்கள். நம்ம கட்டுமரம்தான் ஊர் சுற்றிப் பெயர் மாறி வந்திருக்கிறது என்று நான் விளக்கியதும் மல்லிகாவுக்கு வந்ததே கோபம்!

"எங்க அப்பன் காசிமேட்டுல ஆயுசு பூரா கட்டுமரம் ஓட்டுனான். பொம்பள ஏறக்கூடாதுன்னு ஒரு நாளாச்சும் என்னை ஏறவுட்டானா? இப்ப வாடக குடுத்தா மட்டும் ஏறலாமாமா?" என்றாள். படகில் செருப்புப் போடக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. "அத்த அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா? போட்டுல யாரு செருப்போட ஏறுவாங்க?" அதற்கும் ஒரு சண்டை. ஆனால் மறுவாரமே எம்.சி. ரோட்டுக்குப் போய் ஓலைத் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். பூப்போட்ட அரை டிராயர் ஒன்று உனக்கும் வாங்கினாள். நீ அதை வேட்டி மேலேயே போட்டுக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாய்.

படிவம் ஒன்று வந்தது. என்ன சாப்பிடுவீர்கள், எது சேராது, கால் அளவு என்ன என்று ஆளாளுக்குக் கேள்விகள். அதில் ஒரு கேள்வி, நீச்சல் தெரியுமா. உனக்குத் தெரியும், எனக்கு ஒப்பேற்றுகிற அளவு, நூருவுக்குத் தெரியாது. மல்லிகாவின் முறை வந்தபோது நீ என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, இங்கிலீஷ் படிவத்தில் தமிழில் எழுதினாய். "தெரியாது. நான் பக்கத்துல இருப்பேன்." அப்படியே ஸ்கேன் எடுத்து அனுப்பிவைத்தேன். கம்பெனியின் நுங்கம்பாக்கம் ஆபீசில் இருக்கிற பெண் போன் செய்து, "சார், இதை நாங்க என்னன்னு டைப் பண்றது?" என்று கேட்டாள்.

பேப்பர் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. விழுந்ததா, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேனா? "எங்கிட்ட உடுங்க, நான் எத்தினி கப்பல பாத்தவன்," என்று பீற்றிக்கொண்டது நான்தான். உனக்கும் மல்லிகாவுக்கும் நூருவுக்கும் பாஸ்போர்ட்டே கிடையாது. மூன்று பேரையும் வரிசையில் நிறுத்திப் புதிதாக எடுத்துக் கொடுத்தேன். எடுத்த கையோடு பிரசங்கமும் செய்தேன். பாஸ்போர்ட் இருந்தால் போதாது, போகிற தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் ஏற்ற மாட்டான். துறைமுகத்தில் எனக்கு 'ஆறு மாச பாய்' என்று பெயர் வந்ததே இதனால்தான். எந்தக் கப்பலில் ஏறினாலும் என் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான். நீ என் குரலில் அதைச் சொல்லிக் காட்டி எத்தனை பேரைச் சிரிக்கவைத்திருப்பாய்!

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது வருகிறது. உனக்கு முன்னால் நிற்கிற மாதிரியே கூச்சமாக இருக்கிறது.

போகிக்கு முதல் நாள் மத்தியானம். காணும் பொங்கலுக்கு மறுநாள் நமக்கு விமானம். நாலு பாஸ்போர்ட்டின் ஸ்கேனும் உடனே வேண்டும், அங்கே துறைமுகத்தில் கொடுக்கணும் என்று கம்பெனியில் கேட்டார்கள். ஆபீஸ் மெஷினில் ஒவ்வொன்றாக வைத்தேன். உன்னுடையது, மல்லிகாவுடையது, நூருவுடையது. மூன்றும் புத்தம் புதிது. கடைசியாக என்னுடையது. ஏஜென்சியில் என்னை ஒரு தடவை கொழும்புக்கு அனுப்பினார்கள் இல்லையா, அப்போது எடுத்தது. எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் திறந்தேன். முடிகிற தேதிக்கு மூன்று மாதம்கூட இல்லை.

ஊரான் பாஸ்போர்ட்டையெல்லாம் பார்த்த கண், தன்னுடையதைப் பார்க்கவில்லை. அவசரமாகப் புதுப்பிக்கலாம் என்றால் பொங்கல் விடுமுறை, கவர்மென்ட் ஆபீஸ் எல்லாம் பூட்டு. யாரிடம் போய் நிற்பது?

உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? துறைமுக ஜீரோ கேட் டீக்கடையில் ஆரம்பித்து, டக் மேல் இருக்கிறவன், கிரேன் மேல் இருக்கிறவன் வரைக்கும் கதை போயிருக்கும். ஆறு மாச பாய்க்கே ஆறு மாசம் இல்லையாம்! அந்தச் சிரிப்பை நினைத்தேன். நீங்கள் மூன்று பேர் மட்டும் போய் இறங்கி, எனக்கு போட்டோ அனுப்புவதையும் நினைத்தேன். கம்பெனிக்குப் போன் செய்து, பயணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று நானே கேட்டேன். இந்த சீசனுக்குப் படகு காலியில்லை, அடுத்த தைக்குத்தான் தர முடியும் என்றார்கள். சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையில் உன்னுடைய ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டேன் என்று எனக்கு அப்போது தெரியாதடா.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை நகராமல் நின்றது. அந்தப் புழுதியில் வண்டியை உருட்டிக்கொண்டே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். உள்ளே வந்தால், கூடத்தில் பெட்டி திறந்து கிடக்கிறது. ஆறு நாளைக்கு முறுக்கு, மிளகாய்த்தூள், வறுத்த கருவாடு. மல்லிகா தொப்பியோடு கண்ணாடி முன்னால் நிற்கிறாள்.

"கம்பெனிலருந்து போன் வந்துச்சு. அங்க காத்து சரியில்லையாம். அடுத்த வருசம் தைக்கு மாத்திட்டாங்க," என்றேன்.

மல்லிகா தொப்பியைக் கழற்றினாள். நீ என்னையே பார்த்தாய். "தை மாசத்துல ஏது மாமு காத்து?" என்று கேட்டாய். "அந்தப் பக்கம் வேற காத்துடா," என்றேன். முப்பத்தைந்து வருஷம் டக்கில் இருந்தவனுக்கு நான் காற்றைப் பற்றிப் பாடம் எடுத்தேன். நீ இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் முதுகில் ஒரு அறை. "சரி உடு. கடலு எங்க போயிடப் போவுது? அங்கயேதான் கீது. முறுக்கு துன்னு."

தின்றேன். அதுவும் இறங்கியது, பார்.

அதற்குப் பிறகு நீ ஒரு மாதிரியாக மாறிப்போனாய். தினமும் காலையில் போன். "மாமு, உடம்பு எப்டி கீது? நல்லா தூங்கினியா? நாஸ்தா துன்னியா?" எனக்கு என்னடா கேடு என்று சலித்துக்கொள்வேன். தெருவில் நடந்தால் என் பையை நீ வாங்கிக்கொள்வாய். மாசி மாதத்தில் ஒரு நாள் வம்படியாக ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் முழுச் சோதனையும் எடுக்கவைத்தாய். இ.சி.ஜி. எடுக்கும்போது என் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாய். "நீங்களும் ஒண்ணு எடுத்துக்கறீங்களாப்பா?" என்று அந்த நர்ஸம்மா கேட்டார்கள். "எனக்கு இன்னாம்மா, நம்ம இஞ்சின் சோக்கா ஓடிக்கினு கீது," என்றாய். எனக்கு ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதை நீ மூன்று தடவை வாங்கி வாங்கிப் பார்த்தாய். அப்போதும் உன் முகம் தெளியவில்லை. என்னடா இவன், எனக்கு நோய் இல்லை என்று வருத்தப்படுகிறானா என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு காலை. பால் வாங்கப் போனவன் திரும்பி வந்து வாசல் படியில் உட்கார்ந்தாய், அப்படியே சாய்ந்தாய். நான் வந்து சேர்ந்தபோது பால் பாக்கெட் படியிலேயே இருந்தது. நெஞ்சு என்றார்கள். யாருடைய நெஞ்சைச் சோதிக்க யாரைக் கூட்டிக்கொண்டு போனாய், தேசிங்கு?

பாஸ்போர்ட்டைப் பிறகு சத்தமில்லாமல் புதுப்பித்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்தத் திங்கட்கிழமை மெயில் வந்ததும், நான் மௌசைப் பிடித்தபடி ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நூரு வந்து கேட்டாள். முதல் தடவையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "இத்தனை நாளா இதை வச்சிக்கிட்டா சாப்பிட்டீங்க, தூங்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள். "எங்கிட்ட சொல்லி என்ன? நாளைக்குப் போய் மல்லிகாகிட்ட சொல்லுங்க. அவ செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை போனேன். மல்லிகா இப்போது கூடத்துச் சுவரில் அந்தக் கடிகாரத்தை மாட்டியிருக்கிறாள். அதன் கீழே உன் போட்டோ. அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன். காற்று இல்லை, கம்பெனி தள்ளிவைக்கவில்லை, என் பாஸ்போர்ட்டில் மூன்று மாதம்கூட மிச்சமில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு நான்தான் தள்ளிவைத்தேன் என்று சொன்னேன்.

அவள் உன் போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள்.

"காத்து இல்லன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும் பாய்," என்றாள். "மறுநாளே அந்த ஆபீசுக்கு போன் போட்டு கேட்டாரு. உங்க ஃப்ரெண்டுதான் தள்ளி வெக்கச் சொன்னாருன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

தரையிலிருந்து தலையைத் தூக்கினேன். "அப்ப ஏம்மா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"உங்களுக்கு உடம்புல எதுவோ கீது, எங்ககிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சிக்கினாரு. 'பாய் உடான்ஸ் உடற ஆளு இல்ல மல்லி. அவனே பொய் சொல்றான்னா படா மேட்டரு. நீ கேக்காத, அவனா சொல்லட்டும்'னாரு. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னதும், அத்தையும் நீங்க மாத்திக் காட்டறீங்கன்னே பயந்தாரு." இப்போது அவளும் தரையைப் பார்த்தாள். "நெஞ்சு கரிக்குதுன்னு எங்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னாரு பாய். நீயும் போய் காட்டுய்யான்னேன். 'மொதல்ல பாய் சரியாவட்டும், அப்பால பாத்துக்கலாம்'னாரு."

நான் அழுதேன். அவளுக்கு முன்னால் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது, ஆனாலும் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்றுவாள் என்று எதிர்பார்த்திருந்தால் நான் மனிதனே இல்லை.

"ஒரு வார்த்த," என்றாள். "பாஸ்போர்ட்டு காலாவதின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா பாய் பண்ணியிருப்பாரு? சிரிச்சிருப்பாரு. ரெண்டு நாளு வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பாரு. அவ்ளோதான? அந்தச் சிரிப்புக்கா பயந்தீங்க?" பிறகு எழுந்து கதவைத் திறந்தாள். "போங்க பாய். இன்னிக்குப் போயிடுங்க."

அன்றிலிருந்து ஒரே கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால், என் நோயைத் தேடி அலையாமல், அந்த நர்ஸம்மா கேட்டபோது நீ சட்டையைக் கழற்றியிருப்பாயா? அதுவும் உன் சுபாவத்துக்கு நடந்திருக்காதா? மூன்று மாதத்தை மறைக்கப் போய் ஒரு பயணத்தை மட்டும்தான் கெடுத்தேனா, அதற்கு மேலும் கெடுத்தேனா? டாக்டரிடம் கேட்டால் ஏதாவது ஆறுதல் சொல்வார். உன்னிடம் அல்லவா கேட்க வேண்டும்?

இன்றைக்கு வியாழக்கிழமை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். மல்லிகா. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். நூரு டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "லிஸ்ட்ட அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அவரு பேர அடிங்க. என் கண்ணு முன்னால அடிங்க."

காகிதத்தில் எடுத்து வைத்திருந்தேன். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். ஸ்கேல் நகர்ந்து கோடு இரண்டாக விழுந்தது. வழக்கமாகப் பக்கத்தில் இறங்குகிற ஆளின் கையெழுத்து வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், முப்பது வருஷப் பழக்கம். அவள் பேனாவை வாங்கி, உன் பெயருக்குப் பக்கத்தில், எழுத்து எழுத்தாக 'மல்லிகா' என்று போட்டாள். அப்படித்தான் இன்றைக்கு உனக்கு சைன் ஆஃப் ஆயிற்று.

"அப்ப நீ வர்றியாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பன் ஏறவுடல. இவரு ஏத்தறேன்னு சொல்லிட்டு ஏத்தாமயே பூட்டாரு. நானா ஏறுனாத்தான் உண்டு," என்றாள்.

அடுத்த காகிதம், அந்த நீச்சல் கேள்வி. உன் எழுத்து அப்படியே இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். "தெரியாதுன்றது அப்டியே இருக்கட்டும்," என்றாள் மல்லிகா. "பக்கத்துல நூரக்கா இருப்பாங்கன்னு எழுதுங்க." "அவளுக்கே நீச்சல் தெரியாதேம்மா!" என்றேன். "தெரியாட்டி இன்னா? கைய புடிச்சிக்கினு நிக்க ஒரு ஆளு வோணும்ல," என்றாள். நூரு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்றாள். "இன்னொண்ணு பாய். உங்கள நான் மன்னிச்சிட்டேனா இல்லியான்னு எனக்கே தெரியல. அத்த இப்ப கேக்காதீங்க. ஆனா ஒண்ணு பண்ணணும். ஜீரோ கேட் டீக்கடைல நின்னு, எல்லார் முன்னாலயும் இந்தப் பாஸ்போர்ட்டு கதைய சொல்லணும். அழுதுக்கினு சொல்லக்கூடாது, அவரு எப்டி சொல்வாரோ அப்டி சொல்லணும். எல்லாரும் சிரிக்கணும். அவருக்குக் கெடைக்காத சிரிப்பு அது. ஊருக்காச்சும் கெடைக்கட்டும்."

மத்தியானம் போனேன். உன் டக்கில் இருந்த பசங்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். நீ என்னைப் போலப் பேசிக் காட்டுவாயே, அந்தக் குரலில் நானே என்னைப் பேசிக் காட்டினேன். ஸ்கேன் மெஷினில் நாலாவது பாஸ்போர்ட்டை வைக்கிற இடம் வந்ததும் ஒருவன் "ஐய்யய்யோ, ஆறு மாச பாய்க்கேவா!" என்று டீயைத் துப்பிவிட்டான். கடைக்காரர் மேடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். லாரி டிரைவர் ஒருவன் இறங்கி வந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னான். மறுபடி சொன்னேன். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது, அறை விழப்போகிறது என்று முதுகு தானாகவே விறைத்தது. அறை விழவில்லை.

இப்போது உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சங்கத்து மலரில் அப்படியே போடச் சொல்லப்போகிறேன். எண்ணூர் துறைமுகம் வரைக்கும் படிக்கட்டும், சிரிக்கட்டும். நாளைக்குக் காலையில் மூன்று பெயரோடு பட்டியல் போகும். என் புதுப் பாஸ்போர்ட்டைத் தினமும் எழுந்ததும் ஒரு தடவை திறந்து தேதியைப் பார்க்கிறேன், இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. இனி எதற்கு அத்தனை வருஷம்?

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். தை மாதத்தில் மல்லிகா அந்த ஓலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு படகில் ஏறுவாள், வெறுங்காலோடு. நீ மணல் என்று சொன்ன இடத்தில் நங்கூரம் போடச் சொல்வேன். கரை கண்ணிலிருந்து மறைகிற இடம் வருமே, நீ ஒரு நாளும் போகாத இடம், அங்கே நின்று இந்தக் கதையை உனக்காக முதலிலிருந்து, உரக்க, உன் பாணியில் சொல்வேன். உன் பங்குச் சிரிப்பை மல்லிகா சிரிப்பாள். அவளால் முடியாமல் போனால், நாங்கள் பக்கத்தில் இருப்போம்.

உன் அறைக்கு இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற
உன் மாமு,
ஆறு மாச பாய் காதர்
ராயபுரம்